ஒற்றைக் கோட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்

வீட்டுக் கொரோனா சோதனையில் நெகட்டிவ் வந்திருக்கிறது, அம்மாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். கணவருக்குக் கொரோனா பாசிட்டிவ், உங்களுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்கிறீர்கள். வீட்டுக் கிட்டில், சோதனை சரியாக நடந்தது என்று காட்டும் ‘சி’ கோடு மட்டும் தெரிந்ததை நம்பி எண்பது வயது அம்மாவிடம் போவது சரியல்ல.

வீட்டில் பார்க்கும் இந்த ஆன்டிஜென் கிட் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனை போல வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் அதைத் தவறவிட்டுவிடும்.

48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு மூக்குத் துளைகளிலும் குச்சியை நன்றாகச் சுழற்றுங்கள். பலர் ஓரத்தைத் தொட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். குறிப்புத்தாளில் சொன்ன நேரத்துக்குள் வைரஸ் இருந்தால் கோடு விழும் ‘டி’ பக்கம் இழைபோல் மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். குப்பைக்கூடையில் கிடந்து சாயங்காலம் முளைக்கும் கோடு கணக்கில் சேராது.

அவசரமென்றால் ஆர்டி-பிசிஆர் எடுங்கள். மூச்சுத் திணறினால் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.