பழைய எண்ணெயும் பள்ளிப் பிள்ளைகளும்

கேள்வி: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் பழைய சமையல் எண்ணெயைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். மீன் பொரித்த எண்ணெயையும் கொடுக்கலாமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. நன்றாக ஆறவிட்டு, அடியில் நிற்கும் மஞ்சள்தூள், கருகிய துண்டுகளை எல்லாம் வடிகட்டி, சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புங்கள், கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம். இதிலிருந்து பயோடீசல் என்னும் வண்டி எரிபொருளைத் தயாரிக்கிறார்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், கால்வாய்க்குப் போனால் ஆறும் கெடும். அப்புறம், எண்ணெயைப் பிள்ளைகள் முன்னாலேயே எடை போட்டு, கிடைத்த ரிங்கிட்டைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள், கணக்கு அவர்களுக்கும் தெரிய வேண்டும். இல்லத்துக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டுவிடுங்கள், பல இடங்களில் பிஸ்கட்டைவிடப் பெரியவர்களுக்கான டயப்பர்தான் அவசரத் தேவையாக இருக்கும்.