ஒரு ரூபா சம்பளம்: மிச்சமா, நட்டமா?

கேள்வி: அமெரிக்கக் கம்பனித் தலைவர்கள் சிலர் ஆண்டுக்கு ஒரு டொலர்தான் சம்பளம் எடுக்கிறார்களாம். வேண்டாம் என்றே விட்டுவிடாமல் ஏன் அந்த ஒரு டொலர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உலகப் போர்க் காலப் பழக்கம் இது. அப்போது தொழிலதிபர்கள் பலர் வாஷிங்டன் போய் அரசுக்கு உழைத்தார்கள். சம்பளமில்லாத சேவையை அரசு ஏற்க அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் பெயருக்கு ஒரு டொலர். பிறகு கிரைஸ்லர் கார்க் கம்பனி அரசு உத்தரவாதத்தோடு கடன் கேட்டு நின்றபோது, அதன் தலைவர் லீ அயகோக்கா தன் சம்பளத்தை ஒரு டொலராக்கினார். தொழிலாளரிடம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன் தன்னுடையதை வெட்டினார். அதை மதிக்கத்தான் வேண்டும்.

மற்றவர்களின் ஒரு டொலரைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீவ் ஜொப்ஸுக்கு அப்பிள் சம்பளமாக ஒரு டொலரும், போனஸாக ஒரு ஜெட் விமானமும் கொடுத்தது. பேஸ்புக்கின் மார்க் சக்கர்பேர்க்கும் 2013 முதல் ஒரு டொலர்தான் எடுக்கிறார். அவர் செல்வம் பங்குகளில் இருக்கிறது, பாதுகாப்புச் செலவைக் கம்பனி ஏற்கிறது. ஆண்டறிக்கையில் சம்பள நிரலோடு நிற்காமல் பக்கத்து நிரல்களையும் பாருங்கள்.

கேள்வி: நானும் தம்பியும் பாதிக்குப் பாதி பங்கு வைத்து மொத்த வியாபாரக் கம்பனி நடத்துகிறோம். கடையில் முழுநேரம் நிற்பது நான். தம்பி முதல் மட்டும் போட்டவர். வரியை மிச்சம் பிடிக்க நான் ஒரு ரூபா சம்பளம் எடுக்கலாமா?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: வேண்டாம். இலங்கை விதிகளின்படி கணக்கைப் பாருங்கள். மாதம் 150,000 ரூபா சம்பளம் எடுத்தால், கம்பனி அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% கட்ட வேண்டும். மொத்தச் செலவு 172,500. உங்கள் பங்கு 8% கழிந்து கைக்கு 138,000 வரும். மிச்சம் 34,500 உங்கள் பெயரிலேயே நிதிகளில் சேரும். 2025/26 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி விலக்கு. வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது.

அதே 172,500 இலாபமாக நின்றால், கம்பனி வரி 30% போய் 120,750. அதைப் பங்கிலாபமாக எடுத்தால் 15% வரி கழிந்து ஏறத்தாழ 102,600. அதிலும் பாதி தம்பிக்கு! உங்கள் உழைப்புக்குக் கிடைப்பது 51,300 ரூபா.

அதுவும் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கிலாபம் கொடுத்த பிறகும் கம்பனியால் கடன்களைக் கட்ட இயலும் என்று பணிப்பாளர் சபை திருப்தியடைய வேண்டும். சரக்கில் பணம் முடங்கிய மாதம் என்ன செய்வீர்கள்? வீட்டுச் செலவுக்கு லாச்சியில் கை வைப்பீர்கள். கணக்கர் அதைப் பணிப்பாளர் நடைமுறைக் கணக்கில், நீங்கள் கம்பனிக்குத் தர வேண்டிய கடனாக எழுதுவார். வருட முடிவில் அது பல இலட்சமாக நிற்கும். கணக்காய்வாளரும் இறைவரிக்காரரும் முதலில் கேட்பது அந்தக் கடன் பதிவைத்தான். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி சம்பளச் சீட்டுக் கேட்கும். ஒரு ரூபாச் சீட்டை நீட்ட முடியாது.

சம்பளத்தைச் சபைத் தீர்மானமாக எழுதி, தம்பியின் கையொப்பமும் வாங்குங்கள். சேமலாப நிதியை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிடுங்கள். பிந்தினால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். வியாபாரம் படுத்தால் சம்பளத்தைக் குறைத்துப் புதுத் தீர்மானம் எழுதலாம்; கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.