‘உன் கவனக்குறைவு’ என்று முதலாளி சொல்லிவிட்டால் நஷ்டஈடு கிடையாதா?

மில்லில் விரல் போய்விட்டது, கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி கையை விரிக்கிறார், இருபதாயிரம் ரூபாய் தந்து முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் என் இடக்கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் இல்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2014இல் எனக்கு 35 வயது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தடி அறுக்கும் மில்லில் வட்ட வாளில் நின்றேன். ஈரம் காயாத ரப்பர் தடியில் பால் இருக்கும். அது மரத்தூளோடு சேர்ந்து வாளின் மேல்மூடிக்குள் பசையாக அடைந்துகொள்ளும், அடிக்கடி நிறுத்திச் சுரண்ட வேண்டும். அவசர ஆர்டர் வந்த வாரத்தில், நேரம் வீணாகிறதென்று மேஸ்திரியே மூடியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டார். மூன்றாம் நாள், முடிச்சுள்ள ஒரு தடி துள்ளியது. வலி பிறகுதான் வந்தது. முதலில் கண்டது மரத்தூளின் நிறம் மாறியதைத்தான்.

ஆஸ்பத்திரிக்கு உடன் வந்த மில் ஆள், விபத்துப் பதிவேட்டில் ‘வீட்டில் விறகு வெட்டும்போது’ என்று எழுதவைத்ததை நான் அறியவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தவே ஏழெட்டு மாதம் அலைந்தேன். உங்கள் பதிவேட்டின் நகலை இன்றே வாங்கிப் பாருங்கள்.

“கையைக் கொண்டு வெச்சது நீதானல மக்கா” என்றார் முதலாளி. ‘பேசிக்கொண்டே அறுத்திருப்பான்’ என்று இங்கும் சிலர் எழுதக்கூடும். பேசியிருந்தாலும், அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் வெறும் கவனக்குறைவு முதலாளிக்குத் தப்பும் வழியாக இருக்கவில்லை. தொழிலாளி குடித்திருந்ததாலோ, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியதாலோ, பாதுகாப்பு மூடியைத் தானே வேண்டுமென்று அகற்றியதாலோ விபத்து நேர்ந்தால் மட்டுமே அவர் பொறுப்பிலிருந்து விலக முடிந்தது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த விலக்கும் இருக்கவில்லை. எங்கள் மூடியைக் கழற்றியவர் அவருடைய மேஸ்திரி.

அடுத்து, “ஏழு பேர்தான் வேலை, ஃபேக்டரி சட்டம் எனக்கு இல்லை” என்றார். மின்விசையில் இயங்கும் இடத்துக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்துக்குத்தான் இருந்தது. மின்சாரத்தில் ஓடும் மில்லில் இழப்பீட்டுச் சட்டம் தலை எண்ணியதில்லை.

இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போனதற்கு 11 சதவீத இழப்பு. அன்றைய ஊதிய உச்சவரம்பு 8,000 ரூபாய். அதில் 60 சதவீதத்தை சட்டம் என் வயதுக்குக் குறித்திருந்த பெருக்கெண் 197.06 ஆல் பெருக்கி, அதில் 11 சதவீதம் எடுத்தால் 1,04,047 ரூபாய். ஒரு மாதத்தில் தராததால் 12 சதவீத வட்டியும் சேர்ந்தது. மருத்துவச் செலவை அதில் கழிக்க வந்தார். அதுவும் தனியாகத் தர வேண்டியதே. ஊர்க்காரரை வழக்குக்கு இழுத்தேன் என்ற பெயர் இன்றும் எனக்கு உண்டு. மேஸ்திரிக்கு எந்தப் பெயரும் இல்லை.

உங்கள் மில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் வழி வேறு. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருப்பதால், விபத்துத் தேதியைச் சொல்லித் தொழிலாளர் துறையில் கேளுங்கள். பழைய சட்டத்தில் இழப்பீடு கேட்டு மனுச் செய்யக் கெடு இரண்டு ஆண்டு. முத்திரைத்தாளில் முன்பே கையெழுத்திட்டிருந்தாலும் அஞ்ச வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி செல்லாது.