அரசு எடுத்துக்கொண்டால் காப்புரிமைக்கு என்ன விலை?

கேள்வி: நான் காப்புரிமை (பேடன்ட்) வாங்கிய வால்வைப் போட்டு வேறொருவர் செய்த பம்புகளை, மாநில அரசு நிறுவனம் ஒன்று டெண்டரில் வாங்கியிருக்கிறது. இழப்பீடு கேட்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கேட்கலாம். ஆனால் முதல் கடிதத்திலேயே தொகையை எழுதிவிடாதீர்கள். முதலில் மத்திய அரசின் அனுமதிக் கடித நகலைக் கேளுங்கள். 1970 காப்புரிமைச் சட்டத்தின் 100-வது பிரிவு, அரசுப் பயன்பாட்டுக்கான அதிகாரத்தை மத்திய அரசுக்கும் அது எழுத்துமூலம் அனுமதித்தவருக்கும் மட்டுமே தருகிறது. மாநில நிறுவனம் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசு வேலை செய்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வதும் போதாது. ரயில்வே பணி தொடர்பான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2009-ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அனுமதி இல்லையென்றால் பம்பு செய்தவர் மீது சாதாரண மீறல் வழக்கே போடலாம். ஒன்று கவனம்: பயன்படுத்திய பிறகும் அனுமதி கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

எதிர்த்தரப்பு அதே சட்டத்தின் 47-வது பிரிவைத் தூக்கிக்கொண்டு வரும். அரசு தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்துகொள்வதும், இறக்குமதி செய்வதும் மீறல் ஆகாது என்கிறது அது. அதற்கு 100-வது பிரிவின்படி தரவேண்டிய இழப்பீடு கிடையாது. பம்பு அலுவலகத்துக்கு வாங்கியதா, விவசாயிகளுக்கு விற்க வாங்கியதா என்பதை டெண்டர் ஆவணத்திலிருந்து எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். எண்ணிக்கை, விலை, சப்ளை தேதி மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு கேட்பது? ஒத்துவராவிட்டால் எங்கே போவது?

பதில்: ‘போதுமான ஊதியத்துக்கு மேல் இல்லை’ என்று சட்டமே உச்சவரம்பு போடுகிறது, பயன்பாட்டின் பொருளாதார மதிப்பைப் பார்த்தே அது முடிவாகும். பலர் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு, பம்பு 40,000 ரூபாய், அதில் வால்வின் பங்கு 6,000, எண்ணிக்கை 2,000, ராயல்டி (பயன்படுத்துவதற்காக உரிமையாளருக்குத் தரும் பங்கு) 5% என்று வையுங்கள். முழு பம்புக்குக் கணக்கிட்டால் 40 லட்சம். வால்வுக்கு மட்டும் என்றால் 6 லட்சம். வால்வுக்காகவே பம்பு விற்கிறது என்று நிரூபிக்க முடியாதவர் 40 லட்சத்தைக் கேட்டால், மொத்தக் கணக்கையே சந்தேகிப்பார்கள். ஏற்கெனவே யாருக்காவது லைசென்ஸ் கொடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம்தான் உங்கள் பலமான சாட்சி.

பேச்சு முறிந்தால் 103-வது பிரிவின்படி உயர் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நீதிமன்றம் விவகாரத்தை மத்தியஸ்தரிடம் அனுப்பவும் செய்யலாம். போகும் முன் காப்புரிமையை நீங்களே ஒருமுறை உரசிப் பாருங்கள்: மத்திய அரசு எதிர்மனுதாரராக இருந்தால், காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி எதிர்மனு போட அதற்கு உரிமை உண்டு. உங்கள் கண்டுபிடிப்பை முன்பே சொல்லிவிட்ட பழைய வெளியீடு ஏதாவது அகப்பட்டால் இழப்பீடு மட்டுமல்ல, காப்புரிமையும் போய்விடும். புதுப்பிப்புக் கட்டணம் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை. துறையிடம் மாதிரியைக் காட்டலாமா?

பதில்: விண்ணப்பம் தாக்கலான பிறகு காட்டுங்கள், அதுவும் கடிதத்தோடு. உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக முதல் விண்ணப்பம் தாக்கலான நாள்) முன்பே, நீங்கள் சொல்லாமலேயே, அரசு அதைப் பதிவு செய்தோ சோதித்தோ இருந்தால் ராயல்டி கிடையாது. நீங்கள் தெரிவித்ததால்தான் பயன்படுத்தினார்கள் என்றால், வழங்கப்படும் முன் நடந்த பயன்பாட்டுக்கும் தொகை கேட்கலாம். வரைபடத்தை இணைத்து, தேதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.