பட்டறைப் பதில்கள்: சன்ரூஃப் ஒழுகினால் தூம்பைப் பாருங்கள்

கேள்வி: 2009 மாடல் செடான் ஒன்றை மூன்று வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சன்ரூஃப் உண்டு. போன ஐப்பசி மழையில், பிரேக் போடும்போதெல்லாம் ரியர் வியூ கண்ணாடிக்கு மேலே இருக்கும் விளக்கிலிருந்து தண்ணீர் மடியில் கொட்டியது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் முதலில் காற்றடித்துப் பார்த்தார்கள். பிறகு சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பேஸ்ட் வைத்து அடைத்தார்கள். இரண்டு மழை தாங்கியது. இப்போது விளக்கில் சொட்டுவதில்லை, ஆனால் டிரைவர் காலடியில் கார்ப்பெட் ஊறுகிறது. நாற்றம் வேறு. ரப்பர் பீடிங்கை மாற்றச் சொல்கிறார்கள், 18,000 ரூபாய் ஆகுமாம். மாற்றலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். அந்த 18,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

எங்கள் பாட்டி வீட்டில் முற்றம் உண்டு. மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். அதைப் பார்த்து வீடு ஒழுகுகிறது என்று யாரும் சொன்னதில்லை. மூலையில் இருக்கும் தூம்பில் வாழைச்சருகு அடைத்துக்கொண்டால்தான் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும், பாட்டியும் கத்துவாள். சன்ரூஃப் அப்படியொரு முற்றம்தான். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பீடிங் தண்ணீரைக் குறைக்குமே தவிர, முழுதாக நிறுத்தாது. புது வண்டியிலும் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்குவதைப் பிடிக்கக் கீழே ஒரு வாய்க்கால். வாய்க்காலின் நாலு மூலையிலும் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு டியூப். முன்பக்க டியூப் இரண்டும் விண்ட்‌ஷீல்டை ஒட்டிய பில்லர்களுக்குள், அதாவது கூரையைத் தாங்கும் தூண்களுக்குள், இறங்கும், பின்பக்கத்தவை பின் பில்லர்களுக்குள். பீடிங் சுமாராக இருந்தாலும் இந்த நாலு தூம்பும் திறந்திருந்தால் பெரும்பாலும் உங்கள் மடி நனையாது.

பிரேக் போட்டால் கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. வாய்க்கால் ததும்ப நின்றிருக்கிறது. வண்டி நின்றதும் தண்ணீர் முன்னால் அலைமோதி, விளிம்பைத் தாண்டி ரூஃப் லைனிங்கில் விழுந்து, விளக்கு ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. அதாவது முன் தூம்பு அடைப்பு. வேப்பம்பூ, தூங்குமூஞ்சி மரத்து இலை, ரோட்டுப் புழுதி மூன்றும் சேர்ந்தால் களிமண் மாதிரி இறுகிவிடும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தப்படும் வண்டிகளில் சர்வ சாதாரணம்.

இப்போது காலடி நனைகிறது என்பதுதான் எனக்குக் கவலை. காற்றடித்தார்கள் என்கிறீர்கள். அங்கேதான் சந்தேகம்.

இதில் அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பதினைந்து வருடம் முன்னால் ஒரு கணக்கு வாத்தியாரின் காரில் இதே வேலையை நானே செய்தேன். கம்ப்ரஸர் ஹோஸை மூலை ஓட்டையில் வைத்து ஒரே அழுத்து. உள்ளே எங்கோ ‘டப்’ என்று ஒரு சத்தம். அடைப்பு விட்டது என்று நினைத்து, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் வந்தார். முன்சீட்டுக் காலடியில் வைத்திருந்த அரையாண்டு விடைத்தாள் கட்டு ஊறிப்போயிருந்தது. அந்த ‘டப்’, டியூப் தன் மூக்கிலிருந்து, அதாவது ஓட்டைக்கு அடியில் அதை மாட்டியிருக்கும் குழல்முனையிலிருந்து, கழன்ற சத்தம். வெளியே போக வேண்டிய தண்ணீரையெல்லாம் பில்லருக்குள் நேராக ஊற்ற நானே வழி செய்திருந்தேன். வாத்தியார் திட்டவில்லை. தாள்களை மொட்டைமாடியில் காயவைத்துத் திருத்தினாராம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் அந்த சிலிக்கானை எடுங்கள். கையால் உரியும் வரை உரித்து, மிச்சத்தைப் பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். பிளேடு வேண்டாம், பெயிண்ட் போய்விடும். தின்னரும் வேண்டாம், ரப்பர் போய்விடும். பிறகு சன்ரூஃபைத் திறந்தால் முன்மூலைகளில் பட்டாணி அளவு ஓட்டை தெரியும். சுற்றியுள்ள அழுக்கை ஈரத்துணியால் வெளிப்பக்கமாக இழுத்துத் துடையுங்கள், ஓட்டைக்குள் தள்ளிவிடாதீர்கள். அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒருவரை உட்காரவைத்து, தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் முன் டியூப் முன்கதவுக் கீல் இருக்கும் சந்திலோ, முன்சக்கரத்துக்கு மேலோ வெளியே வரும். பின் டியூப் பின்சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்குள்.

ஊற்றியது மூலையிலேயே தேங்கினால் அடைப்பு. சட்டென்று இறங்கி, ஆனால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை என்றால் டியூப் கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது ரகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், அது கார்ப்பெட்டுக்குத்தான் போகும்.

அடைப்பு மட்டும்தான் என்றால் வீட்டிலேயே முடிக்கலாம். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு, 2 மில்லிமீட்டர் தடிமனில், இரண்டு மீட்டர் வாங்குங்கள். நுனியை நெருப்பில் காட்டி மழுக்கிவிட்டு, திருகித் திருகி மெதுவாக உள்ளே விடுங்கள். பிரேக் கேபிள், ஜி.ஐ. கம்பி எதுவும் கூடாது, பழைய டியூப் கிழிந்துவிடும். சில வண்டிகளில் டியூபின் கீழ்நுனியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும். பூச்சி வராமல் இருக்க வைத்தது, வருடங்கள் போனதும் அதுவே ஒட்டிக்கொண்டு அடைக்கும். விரலால் பிதுக்கிவிட்டால் கறுப்புச் சேறு கொட்டும். கடைசியாக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டியூப் கழன்றிருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். பில்லர் கவரைக் கழற்ற வேண்டும். அங்கே கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டு ஜன்னலை மறைத்து விரியும் காற்றுப்பை) உள்ள வண்டி என்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடமாவது விட்டபிறகே தொட வேண்டும். விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பழைய டியூப் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கும், அதையே திரும்ப மாட்டினால் மறுபடி கழலும். அதே உள்விட்டத்தில் புது ஹோஸ் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மூக்கே உடைந்திருந்தால் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் சன்ரூஃப் ஃபிரேம் தேடலாம்.

நாற்றத்துக்கு சென்ட் பாட்டில் தொங்கவிடுவது வீண். கார்ப்பெட் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் கனமான பஞ்சுதான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கையால் அழுத்திப் பாருங்கள், விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் வரும். சீட்டைக் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் போட்டால்தான் வழி. பல வண்டிகளில் ஒயரிங் ஜாயிண்ட்டுகள் அந்தப் பஞ்சுக்கு அடியில்தான் ஓடும். கதவு லாக் தானாகத் திறப்பது, ஏர்பேக் விளக்கு எரிவது எல்லாம் சில நேரம் இந்த ஈரத்தின் வேலை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற பிளக் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றாமல் தொடாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு பீடிங்கைப் பாருங்கள். ஒரு துண்டு பேப்பரை வைத்துக் கண்ணாடியை மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எங்கே வைத்தாலும் பேப்பர் இறுக்கமாகவே வந்தால் பீடிங் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா, தலைக்கே இருக்கட்டும். தூசி அப்பிக்கொண்டு இரண்டு வாரத்தில் பிசுக்காகிவிடும். வாஸ்லினும் வீல் கிரீஸும் அதைவிட மோசம். பெட்ரோலியம் பட்டால் அந்த வகை ரப்பர் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ் என்று கேட்டு வாங்கி, வருடத்துக்கு இரண்டு தடவை விரலால் மெல்லத் தடவுங்கள். சென்ற கேள்வியில் வந்த சிலிக்கான் பேஸ்ட் வேறு, இது வேறு.

கேள்வி: வாங்கியதிலிருந்து சன்ரூஃபைத் திறந்ததே இல்லை. நிரந்தரமாக மூடிவிட்டால் என்ன?
– வாசகர், திருச்சி

பதில்: திருச்சி வெயிலில் திறக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் திறக்காததுதான் பீடிங் ஒட்டிக் கிழிவதற்குப் பெரிய காரணம். மாதம் ஒருமுறை காலை நேரத்தில் திறந்து மூடுங்கள். மோட்டார் போய், பாகமும் கிடைக்கவில்லை என்ற நிலை வந்தால் மட்டும், விண்ட்‌ஷீல்டு மாட்டுபவரிடம் அவர்கள் பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டச் சொல்லலாம். அப்போதும் டியூப்களை அடைக்காதீர்கள். ஒட்டு என்றைக்காவது விடும்.

கேள்வி: மழையே இல்லை. இடதுபக்க முன்சீட்டுக் காலடியில் தண்ணீர் நிற்கிறது. சன்ரூஃப் கழுவும்போது இறங்கியிருக்குமோ?
– வாசகர், கோவை

பதில்: ஏசி போட்டு ஓட்டினீர்களா? அந்தத் தண்ணீர் சுத்தமாக, சில்லென்று இருந்ததா? அப்படியானால் சன்ரூஃபை விட்டுவிடுங்கள். ஏசிக் கூலிங் காயிலில் கோக்கும் நீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கிறது. ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் வழக்கமாகச் சொட்டுமே, அந்தச் சொட்டு இப்போது காணாமல் போயிருக்கும், குனிந்து பாருங்கள்.