வயலினைப் பரணில் ஏற்றியது யார்?

கேள்வி: நான் கர்நாடக வயலின் பக்கவாத்தியக் கலைஞர், வயது 30. மகளுக்கு நான்கு மாதம். அரசு இசைக் கல்லூரியில் இருக்கும் தோழிக்குச் சம்பளத்தோடு ஒரு வருட விடுப்பு. எனக்கு ஒரு நாள்கூட இல்லை. ஐ.டி.யில் இருக்கும் கணவர் பத்து நாள் லீவு போட்டார், திரும்பிவிட்டார். குழந்தை தூங்க வேண்டுமே என்று வயலினைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஒரு பாடகர் மார்கழியில் மூன்று கச்சேரிக்குக் கூப்பிடுகிறார். மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிடுவாரா? என்ன செய்ய?
- வாசகி, சென்னை

பதில்: தோழி, கணவர், பாடகர் என்று உங்கள் கடிதத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது தெளிவாக இருக்கிறது. ஒரு வரியில் மட்டும் எழுவாயைக் காணோம். "ஏற்றியாகிவிட்டது." யார் ஏற்றினார்கள்? மாமியாரா, கணவரா, நீங்களேவா? மார்கழி அப்புறம்.

ஏணி போட்டால்தான் எட்டும் என்ற இடத்தில் வாத்தியத்தை வைப்பதற்கு ஓய்வு என்று பெயரில்லை. நாலு மாதத்தில் விரல் நுனிக் காய்ப்பு கரைந்துபோகும். சென்னைப் பரணின் சூட்டில் மரத்தின் ஒட்டு விடும். தந்திகளை முழுக்கத் தளர்த்தியிருந்தால், அவற்றைத் தாங்கும் மரத்துண்டான குதிரை சாய்ந்து, உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியான சவுண்ட் போஸ்டும் விழுந்திருக்கலாம். இதெல்லாம் தெரியாதவர் ஏற்றினார் என்றால் தடுத்திருக்க வேண்டியவர் நீங்கள். தெரிந்த நீங்களே ஏற்றியிருந்தால், தயவுசெய்து அதற்குக் குழந்தையைக் காரணம் காட்டாதீர்கள். "உன்னால்தான் விட்டேன்" என்று இருபது வருடம் கழித்து மகளிடம் சொன்ன தாய்மார்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

தூக்கம் கெடுமாம்! ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டிலேயே வெள்ளிக்கிழமைக் கச்சேரி நடந்தது. அந்தக் குடும்பத்துப் பேத்திதான் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. உங்கள் மகள் வயிற்றுக்குள்ளிருந்தே உங்கள் வில்லைக் கேட்டவள்.

மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021இல் 12 மாதமாக்கியது. சன்மானம் வாங்கி வாழ்கிறவருக்கு விடுப்பு கொடுக்க முதலாளியே இல்லை. அநியாயம்தான். அதனால்தான் உங்கள் வீடு அந்த இடத்தில் நிற்க வேண்டும். தினம் முக்கால் மணி நேரம் குழந்தையை அப்பா தூக்கி வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் சாதகம் செய்யுங்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை உதவி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பத்து நாளில் தீர்கிற கடனா அது?

முதல் ஆறு மாதம் குழந்தை தாயின் மடியில் இருக்க வேண்டும் என்பதில் நான் பழைய மனுஷிதான். மார்கழியில் அவளுக்கு எட்டு மாதம். கேழ்வரகுக் கூழ் குடிப்பாள், இரண்டரை மணி நேரம் அப்பாவோடு இருப்பாள். ஒரு கச்சேரிக்கு மட்டும் சரி சொல்லுங்கள். மற்ற இரண்டையும் இன்றைக்கே மறுத்துவிடுங்கள். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு டிசம்பரில் கைவிரித்தால் அந்தப் பாடகர் பக்கவாத்தியத்துக்கு எங்கே போவார்? அடுத்த வருடம் அவர் கூப்பிடாமலும் போகலாம்.

ஏற்றியவரே வயலினை இறக்கித் தரட்டும். குதிரை சாய்ந்திருந்தால் நீங்கள் முறுக்கிப் பார்க்க வேண்டாம், ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். வந்ததும், மகள் விழித்திருக்கும்போதே, முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.