வாத்தியாரைக் கேளுங்கள்: கீழே கிடந்த காசு யாருக்கு?

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு, யூதப் பள்ளியில் படிக்கிறானாம். நாள் முழுக்கப் பிரார்த்தனைதானா, வேறு ஏதாவது சொல்லிக்கொடுப்பார்களா?
– வாசகி, குடியாத்தம்

காலையில் பிரார்த்தனை உண்டு அம்மா. ஆனால் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், அமெரிக்க வரலாறு எல்லாம் மற்ற பள்ளிகளைப் போலத்தான். அதோடு எபிரேய மொழி, தோரா என்ற வேதம், மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு, அந்தச் சட்டங்களை அறிஞர்கள் அலசி வாதாடிய தல்மூத், யூத வரலாறு. விடுதி கிடையாது, சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுவான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் சபாத் ஓய்வு தொடங்கிவிடும் என்பதால் அன்று பள்ளி சீக்கிரமே விட்டுவிடும். பள்ளிக்குப் பள்ளி வித்தியாசமும் உண்டு. ஆசாரம் அதிகம் பார்க்கும் இடங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி, சிலவற்றில் பெண் பிள்ளைகளுக்குத் தல்மூத் கிடையாது.

தல்மூத் என்றதும் ஏதோ தத்துவம் என்று நினைக்க வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் முதலில் எடுப்பது பாவா மெட்சியா என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம். கீழே கிடந்ததை எடுத்தவன் வைத்துக்கொள்ளலாமா, ஊரறியச் சொல்ல வேண்டுமா என்பதுதான் பாடமே. சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவனுக்கு. பையோடு கிடந்தால் அறிவிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காசு அடுக்கியிருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும், யாரோ வைத்த காசு அது. கடை ரொட்டி எல்லாம் ஒரே மாதிரி, எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் சுட்டது என்றால் கூடாது, கைப்பக்குவமே அடையாளம்! நேதாஜி மார்க்கெட் வாசலில் நாலு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் உருண்டு கிடந்தால் உங்களுக்கு, சாக்கோடு கிடந்தால் கடை கடையாய் விசாரிக்க வேண்டியதுதான்.

அப்புறம்தான் சண்டை ஆரம்பிக்கும். காசு விழுந்ததே உடையவனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால், ‘போச்சு, இனி எங்கே கிடைக்கப் போகிறது’ என்று விட்டுவிடுவான். அதற்குள் ஒருவன் எடுத்துவிட்டால்? நாலாம் நூற்றாண்டு பாபிலோனில் இருந்த ரவா என்ற அறிஞர், எடுத்தவனுக்கே என்கிறார். அபயே என்பவர் ஒப்பவில்லை. தொலைந்ததே தெரியாதவன் எப்படி ஆசையை விட முடியும்? அப்படியென்றால் சிதறிய காசு மட்டும் எப்படி எடுத்தவனுக்குப் போகிறது? மனிதன் ஓயாமல் மடியைத் தடவிப் பார்க்கிறவன், அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று பதில் வருகிறது. நம் புது பஸ் ஸ்டாண்டில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமல் யாராவது வண்டி ஏறுகிறார்களா? தீர்ப்பு அபயே பக்கம். ஆனால் தோற்றவரின் வாதத்தையும் பையன் அதே அளவு படிக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, குரலை உயர்த்தி வாதாடிப் படிப்பதுதான் அங்கே வழக்கம். வினா-விடைக்கு அடிக்கோடு போட வைத்தே காலம் தள்ளும் நம் வகுப்புகளில் இப்படி இரைச்சல் கேட்டால் தலைமையாசிரியர் பிரம்போடு வந்திருப்பார்.

எங்கள் மதரசா மாதிரிதானா?
– வாசகர், ஆம்பூர்

பாதி ஆமாம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளில் சட்ட நூலை உரையோடு பாடம் கேட்டவர்களுக்குத் தல்மூத் அந்நியமாகத் தெரியாது. அதன் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். மூலம் நடுவில், ஒரு ஓரத்தில் ராஷியின் உரை. 1040-இல் பிறந்த பிரெஞ்சு அறிஞர் அவர். மறு ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் பின்வந்தவர்களும் எழுதிய குறிப்புகள், தாத்தாவையே மறுப்பது உட்பட! 1520-களில் வெனிஸில் அச்சான பதிப்பின் அமைப்பு இன்றுவரை மாறவில்லை. ராஷி உரைக்கு எழுத்து வடிவமே வேறு, அதையும் பிள்ளை தனியாகப் பழக வேண்டும்.

பதின்மூன்று வயதில் பெரிய விழா எடுப்பார்களாமே?
– மாணவி, ராணிப்பேட்டை

பார் மிட்ஸ்வா. அன்றிலிருந்து மதக் கடமைகளுக்குப் பையனே பொறுப்பு. பெண்ணுக்குப் பன்னிரண்டு, சில பிரிவுகளில் பதின்மூன்று. தோல் சுருளிலிருந்து தோராவைச் சபை நடுவே ராகத்தோடு படிப்பார்கள். சுருளில் உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, ராகக் குறியும் இல்லை. புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியைப் படிக்கிற பாடுதான். அதனால் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். எழுத்தை விரலால் தொடக்கூடாது, நுனியில் குட்டிக் கை வைத்த கோலால் வரியைக் காட்டிப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் பக்கத்தில் நிற்பவர் அங்கேயே திருத்துவார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை நினைத்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது.

இரண்டு பாடத்திட்டம் சுமை இல்லையா?
– ஒரு தந்தை, காட்பாடி

சுமைதான் ஐயா. பள்ளி நேரமும் நீளம், கட்டணமும் அதிகம், அங்கேயும் பெற்றோர் புலம்புகிறார்கள். ஆனால் நீட் கோச்சிங்குக்கு ஏழாம் வகுப்பிலேயே சேர்க்கும் நாம் அவர்களைக் கேட்கிற இடத்தில் இல்லை.

அரக்கோணம் ரயிலில் பத்தாம் வகுப்பு கணக்கு கைடு ஒன்று கண்டெடுத்தேன். வைத்துக்கொள்ளலாமா?
– மாணவன், சோளிங்கர்

சரியான நேரத்தில் கேட்டாய் தம்பி. மேலே சொன்ன அதே அத்தியாயத்தில் இதற்கும் விதி உண்டு. கண்டெடுத்த நூலை முப்பது நாளுக்கு ஒரு தரம் திறந்து படிக்க வேண்டும், சுருள் மூடியே கிடந்தால் கெட்டுவிடும். ஆனால் அதை வைத்துப் புதிதாக ஒரு பாடம் கற்கக் கூடாது, புரட்டிப் புரட்டி நைந்துபோகும். ஆகவே பரீட்சைக்கு உதவாது. முதல் பக்கத்தில் பெயர் இருக்கிறதா பார், இல்லையென்றால் ரயில்வே போலீஸிடம் கொடுத்துவிடு.